மறுக்கும் உரிமையும் ‘நல்லுறவு’ என்னும் பேரமும்

ஒடிசாவின் ராயகடா, காலஹண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நியாம்கிரி மலைத்தொடரில், 2013 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை 12 சிற்றூர்களில் கிராம சபைகள் கூடின. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக அமர்த்தப்பட்டிருந்தார். மலையின் உச்சியில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது தங்கள் வழிபாட்டு உரிமையையும் வன உரிமையையும் பாதிக்குமா என்பதை அம்மக்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. ஓர் ஊர்கூட மாறவில்லை.

இந்தியாவின் முதல் சுற்றுச்சூழல் பொதுவாக்கெடுப்பு என்று இந்நிகழ்வு போற்றப்பட்டது. போற்றியதில் பிழையில்லை. ஆனால் போற்றியவர்கள் பெரும்பாலும் கடந்து சென்ற ஓர் உண்மை உண்டு. அந்த மறுப்பு சட்டப்படி பதிவாவதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சுரங்க நிறுவனம் அம்மக்களோடு ‘நல்லுறவு’ பேணிக்கொண்டுதான் இருந்தது. மருத்துவமனை கட்டியது, பள்ளி நடத்தியது, குழந்தைகளுக்கு உணவளித்தது, வேலை தருவதாக வாக்களித்தது. உறவு என்ற பெயரில் எல்லாமே நடந்தன. சுரங்கம் வேண்டுமா என்ற கேள்வி மட்டும் அவர்களிடம் முறைப்படி கேட்கப்படவில்லை. அதைக் கேட்க வைக்க உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது.

சுரங்கத் தொழிலின் அகராதியில் ‘சமூக உரிமம்’ என்றொரு சொல் உண்டு. அரசு தரும் குத்தகை மட்டும் போதாது, சுற்றியுள்ள மக்களின் ஏற்பும் வேண்டும் என்ற பொருளில் அது வழங்குகிறது. இச்சொல்லை 1997இல் பரவலாக்கியவர் கனடாவின் பிளேசர் டோம் சுரங்க நிறுவனத்தில் உயர் பொறுப்பிலிருந்த ஜிம் கூனி. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நிறுவனம் பங்குதாரராக இருந்த பிலிப்பைன்ஸின் மரிண்டூக் தீவுச் சுரங்கத்திலிருந்து கழிவு வெளியேறி போவாக் ஆற்றை அழித்திருந்தது. மக்களின் எதிர்ப்பைத் தொழிலுக்கான இடர்ப்பாடாகக் கணக்கிடத் தொடங்கிய காலத்தில் பிறந்த சொல் இது. எந்த அலுவலகமும் வழங்காத, எவராலும் திரும்பப் பெற முடியாத வினோதமான உரிமம்! மக்கள் அதைத் தந்தார்களா என்பதையும் நிறுவனமே தன் ஆண்டறிக்கையில் அறிவித்துக்கொள்கிறது.

இதற்கு நேரெதிரானது ‘இசைவு’ என்னும் கோட்பாடு. 2007 செப்டம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனம், அவர்களது நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களுக்குத் தடையற்ற, முன்கூட்டிய, தகவலறிந்த இசைவைப் பெற வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அதே மூச்சில், இந்தியர் அனைவரும் பூர்வகுடிகளே என்றும் சொல்லிவருகிறது. எல்லோரும் பூர்வகுடிகள் என்றால் எவருக்கும் தனி உரிமையில்லை என்பதே அதன் உட்பொருள். சாதியே இல்லை என்று சொல்லி இடஒதுக்கீட்டை மறுப்பவர்களின் தர்க்கத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

ஏற்பு என்பதை நிறுவனம் சம்பாதித்துக்கொள்ளலாம். இசைவை மக்கள்தாம் தர முடியும், தராமலும் இருக்க முடியும். ஒரு சுரங்க நிறுவனம் ஒரு சமூகத்தோடு கொண்டிருக்கும் உறவு எத்தகையது என்று அறிய, அது எத்தனை பள்ளி கட்டியது என்று எண்ணிப் பயனில்லை. அந்த மக்களால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்ததா, சொன்ன பிறகு அது செல்லுபடியானதா என்று பார்க்க வேண்டும். நியாம்கிரியின் வரலாற்றை இந்தக் கண்ணோடு மீண்டும் வாசிக்கலாம்.

நியமம் என்ற சொல்லின் வழியே வந்த பெயர் நியாம்கிரி. விதியின் அரசனான நியாம் ராஜா அம்மலையின் உச்சியில் உறைவதாக டோங்ரியா கோண்டு, குட்டியா கோண்டு மக்கள் நம்புகிறார்கள். உச்சிக் காட்டை வெட்டுவது அவர்களது மரபில் விலக்கப்பட்டது. சமயம் என்று மட்டும் இதைச் சுருக்கிவிட முடியாது. பாக்சைட் படிந்த மலையுச்சி பஞ்சுபோல மழைநீரை உறிஞ்சி வைத்து, ஆண்டு முழுவதும் ஓடைகளாகக் கசியவிடுகிறது. உச்சியைக் காத்தால்தான் சரிவில் பயிரும் பழமரங்களும் இருக்கும் என்ற பட்டறிவுதான் தெய்வத்தின் பெயரால் சட்டமாகியிருக்கிறது. வம்சதாரா ஆற்றின் நீரும் இம்மலையோடு பிணைந்தது.

வேதாந்தா குழுமம் இம்மலையின் அடிவாரத்தில், காலஹண்டி மாவட்டத்தின் லாஞ்சிகரில், அலுமினா சுத்திகரிப்பு ஆலையை அமைக்க 2003இல் ஒடிசா அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை நடத்தி, 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்படும் நிலைவரை மக்களின் எதிர்ப்பைச் சந்தித்த அதே குழுமம்தான். லாஞ்சிகரில் நடந்தவற்றின் வரிசை கவனத்திற்குரியது. முதலில் ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி 2004இல் பெறப்பட்டது. மலையிலிருந்து தாது எடுக்க வன அனுமதி கிடைக்குமா என்பதே தெரியாத நிலையில் ஆலை எழுப்பப்பட்டது. குட்டியா கோண்டுகள் வாழ்ந்த கினாரி கிராமம் அகற்றப்பட்டு, அம்மக்கள் ‘வேதாந்தா நகர்’ என்று பெயரிடப்பட்ட குடியிருப்பில் குடியமர்த்தப்பட்டார்கள். தன்னை இடம்பெயர்த்த நிறுவனத்தின் பெயரையே தன் முகவரியாக எழுத வேண்டிய நிலை!

ஆலை எழுந்த பின், இவ்வளவு பணம் முதலீடு செய்தாகிவிட்டதே என்பதே வாதமாகிவிட்டது. ‘நல்லுறவு’ப் பணிகள் தீவிரமடைந்ததும் இந்தக் கட்டத்தில்தான். ஒரு திட்டம் முடிவாவதற்கு முன்பு மக்களிடம் வருவது கலந்தாலோசனை. முடிவாகி, வேலி போட்ட பிறகு வருவது சமாதானப்படுத்தும் வேலை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் வழிகாட்டு நெறிகளின்கீழ் பிரிட்டனில் அளிக்கப்பட்ட புகாரை விசாரித்த அந்நாட்டு அரசின் தொடர்பு மையம், டோங்ரியா கோண்டு மக்களைக் கலந்தாலோசிப்பதற்குப் போதிய, உரிய காலத்திலான ஏற்பாட்டை வேதாந்தா செய்யவில்லை என்று 2009இல் முடிவுரைத்தது. நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் 2007இலேயே இந்நிறுவனத்தைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து விலக்கியிருந்தது. 2010இல் இங்கிலாந்துத் திருச்சபையும் தன் பங்குகளை விற்று வெளியேறியது.

இந்திய நீதிமன்றத்தின் முதல் எதிர்வினை வேறாக இருந்தது. நார்வே நிதியத்தின் முடிவைச் சுட்டிக்காட்டி வேதாந்தாவுக்கு 2007 நவம்பரில் அனுமதி மறுத்த உச்ச நீதிமன்றம், அதே ஆணையில் அக்குழுமத்தைச் சேர்ந்த ஸ்டெர்லைட் நிறுவனத்திற்கு வாயிலைத் திறந்துவைத்தது. லாஞ்சிகர் திட்டத்தின் ஆண்டு இலாபத்தில் 5 விழுக்காடு அல்லது 10 கோடி ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதை அட்டவணைப் பகுதியின் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. அதை ஏற்றுக்கொண்ட பிறகு, 660 எக்டேருக்கும் மேற்பட்ட வனநிலத்தைச் சுரங்கத்திற்கு மாற்ற 2008 ஆகஸ்டில் ஒப்புதல் தரப்பட்டது. இசைவு என்னும் உரிமை, விழுக்காடு என்னும் தொகையாக மாறிய தருணம் இது. மலைக்கு விலை பேசப்பட்டது. பேசியவர்களுள் மலைவாழ் மக்கள் இல்லை.

அந்த ஒப்புதலுக்குப் பின் களத்தை ஆராய ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த என்.சி. சக்சேனா குழு, 2010 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் பல உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. ஆலை வளாகத்திற்குள் 26 எக்டேருக்கும் மேற்பட்ட கிராம வனநிலம் சட்டவிரோதமாக வளைக்கப்பட்டிருப்பதாக அக்குழு பதிவு செய்தது. சுமார் 7 சதுர கிலோமீட்டர் புனித வனப்பகுதி அழியும் என்றது. எல்லாவற்றிலும் முக்கியமானது மற்றொன்று: நியாம்கிரியின் அந்தச் சுரங்கப் பகுதியில் உள்ள சுமார் 7 கோடி டன் பாக்சைட், விரிவாக்கப்படவிருந்த ஆலைக்கு ஏறக்குறைய 4 ஆண்டுகளுக்கு மட்டுமே போதும். நான்கு ஆண்டுத் தாதுவுக்காக ஒரு மக்கள்திரளின் தெய்வத்தையும் நீரையும் கேட்டார்கள். அதே மாதம் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதியை மறுத்தார்.

நிறுவனம் பின்வாங்கவில்லை; ஆனால் அதன் உறவு முயற்சிகளின் இலக்கு மாறியது. 2012 தொடக்கத்தில் ‘மகிழ்ச்சியை உருவாக்குதல்’ என்ற பொருளிலான தலைப்பில் தொலைக்காட்சி விளம்பரங்களும் மாணவர்களுக்கான குறும்படப் போட்டியும் நடத்தப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் இயக்குநர் ஷியாம் பெனகல் நடுவர் குழுவிலிருந்து விலகினார். இந்த விளம்பரங்களின் பார்வையாளர்கள் யார்? டோங்ரியா கோண்டுகளின் குடிசைகளில் தொலைக்காட்சி இல்லை. நகரத்து நடுத்தர வர்க்கமும் பங்குதாரர்களும்தான் அவற்றைப் பார்த்தார்கள். பழங்குடிகளோடு உறவு என்று சொல்லப்படுவதில் ஒரு பெரும்பகுதி, பழங்குடிகளைக் காட்டி வேறு யாருடனோ ஏற்படுத்திக்கொள்ளும் உறவு. கல்லூரிகளின் விழா மேடைகளிலும் பரிசுத் திட்டங்களிலும் நிறுவனச் சின்னங்களைக் காணும் மாணவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

2013 ஏப்ரல் 18 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய பாதையிலிருந்து விலகி, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. அதையும் ஒடிசா அரசு குறுக்கியது. மலையிலும் அடிவாரத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்க, 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஒன்றிய பழங்குடியினர் நல அமைச்சகமே இதை ஆட்சேபித்தது. எளிதில் வழிக்குக் கொண்டுவரலாம் என்று கருதப்பட்ட ஊர்களே தேர்ந்தெடுக்கப்பட்டன என்று போராட்டக்காரர்கள் குற்றஞ்சாட்டினார்கள். முடிவு நமக்குத் தெரியும். 2014 ஜனவரியில் திட்டம் முறைப்படி நிராகரிக்கப்பட்டது. ஆலையோ வேறு இடங்களிலிருந்து பாக்சைட் வாங்கி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நியாம்கிரி இல்லாமல் இயலாது என்ற வாதம் அப்படிக் கரைந்தது.

இனி, இக்கதையில் பெரும்பாலும் சொல்லப்படாத பகுதிக்கு வருவோம். நியாம்கிரியில் கோண்டுகள் மட்டும் வாழவில்லை. டோம்ப் என அழைக்கப்படும் தலித் மக்கள் அவர்களோடு பல தலைமுறைகளாக அதே ஊர்களிலும் அடிவாரச் சிற்றூர்களிலும் வாழ்கிறார்கள். கோண்டுகளின் மொழியைப் பேசுகிறார்கள், சடங்குகளில் இசைக்கிறார்கள், மலை விளைச்சலை வாரச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். மலைக்கும் சமவெளிக்கும் இடையே நிற்பவர்கள் என்பதால், வெளியார் யார் வந்தாலும் முதலில் அணுகுவது இவர்களைத்தான். நிலமற்றவர்கள் என்பதால் கூலியும் ஒப்பந்த வேலையும் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தின் சொல் இவர்களை எளிதில் தொடுகிறது. சிலர் தரகர்களாக மாறும்போது முழுச் சமூகமும் தரகர் பட்டம் சுமக்கிறது. கோண்டுகளுக்கும் தலித்துகளுக்கும் இடையிலான பழைய கசப்புகளை அரசியல் சக்திகள் எப்படிப் பற்றவைக்க முடியும் என்பதை 2008இல் கந்தமாலில் கண்டோம். சுரங்கப் பகுதிகளிலும் அதே விரிசல்தான் நிறுவனத்திற்குப் பயன்படுகிறது.

சட்டமும் இவ்விரிசலை அகலப்படுத்துகிறது. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் நிலப் பாதுகாப்புச் சட்டங்கள் மக்களைப் பழங்குடியினர், பழங்குடியல்லாதார் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. வட்டிக்கடைக்காரரும் தலித் விவசாயக் கூலியும் ஒரே பெட்டியில் அடைக்கப்படுகிறார்கள். வன உரிமைச் சட்டத்தில் ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்ற பிரிவில் உரிமை கோரலாம். ஆனால் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். பட்டாவும் பள்ளிச் சான்றும் மறுக்கப்பட்ட மக்களிடம் 1930ஆம் ஆண்டின் சான்றைக் கேட்கிறது சட்டம். இதனால் இசைவு கேட்கப்படும் அரிய தருணங்களிலும் தலித்துகளின் குரல் ஐயத்திற்குரியதாகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளர்களையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்றது ஒரு முன்னேற்றம். எனினும் இழப்பீடு பேசப்படும் மேசையில் பட்டாதாரரின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

பழங்குடிகளின் உரிமையைக் குறைத்து இதைச் சமன் செய்ய முடியாது. அந்த உரிமையைச் சுற்றிலும் வாழும் நிலமற்ற தலித்துகளுக்கும் விரிக்கும் கோரிக்கையைப் போராட்டங்களே முன்வைக்க வேண்டும். நியாம்கிரிச் சபைகளில் பழங்குடியல்லாத குடும்பங்களும் அதே நியாம் ராஜாவின் பெயரால் சுரங்கத்தை மறுத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தியாவில் நடப்பவை பின்தங்கிய நிர்வாகத்தின் குறைகள், முன்னேறிய நாடுகளில் முறையான ஒப்பந்தங்கள் உள்ளன என்று சிலர் வாதிடுவதுண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியைப் பார்ப்போம். அங்கு இரும்புத் தாது எடுக்கும் ரியோ டின்டோ, பூர்வகுடிகளோடு உறவு பேணுவதில் முன்மாதிரி என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. புட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களோடு அது முறைப்படியான ஒப்பந்தமும் செய்திருந்தது. 2020 மே 24 அன்று, அம்மக்களின் புனித இடமான ஜூக்கன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை அந்நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகள் மனிதர் வாழ்ந்த தடயங்கள் கொண்ட இடம் அது. அங்கு கிடைத்த 4,000 ஆண்டுப் பழமையான, மனித மயிரால் பின்னிய வாரின் மரபணு, இன்றைய மக்களோடு நேரடித் தொடர்பு காட்டியிருந்தது.

இதில் சட்டமீறல் ஏதும் இல்லை என்பதுதான் திகைக்க வைப்பது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தின்கீழ் 2013இலேயே அமைச்சரின் அனுமதி பெறப்பட்டிருந்தது. குகைகளுக்குச் சேதமில்லாத வேறு மூன்று சுரங்க வடிவமைப்புகள் நிறுவனத்தின் கையில் இருந்தன. அவை அம்மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று நாடாளுமன்ற விசாரணையில் வெளிப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவமைப்பில் கூடுதலாகக் கிடைக்கவிருந்தது சுமார் 80 இலட்சம் டன் தாது. அது மட்டுமன்று, ஒப்பந்தத்தில் இருந்த கட்டுப்பாடுகள் அம்மக்கள் வெளிப்படையாக எதிர்ப்பதையும் சட்டப் பாதுகாப்பு தேடுவதையும் முடக்கின. பணமும் பங்கேற்பும் தந்த அதே தாள்தான் அவர்களது வாயையும் கட்டியிருந்தது.

நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் இரண்டு மூத்த அதிகாரிகளும் பதவி விலக நேர்ந்தது. அவர்களில் ஒருவர் நிறுவன உறவுகளுக்கான பொறுப்பாளர். மேற்கு ஆஸ்திரேலிய அரசு புதிதாகக் கொண்டுவந்த பாரம்பரியச் சட்டம் 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்து, நில உடைமையாளர்களின் எதிர்ப்பால் அடுத்த மாதமே கைவிடப்பட்டது. 1993ஆம் ஆண்டின் பூர்வகுடி நிலவுரிமைச் சட்டம் அந்நாட்டில் பேச்சுவார்த்தைக்கு உரிமை தருகிறது. மறுப்பதற்கு உரிமை தரவில்லை. காலக்கெடு முடிந்தால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். மறுக்க முடியாதவரோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் எஞ்சுவது விலை மட்டுமே. இந்த ஒரு கோணத்தில், எழுத்தளவிலேனும், நம் வன உரிமைச் சட்டம் ஆஸ்திரேலியச் சட்டத்தைவிட ஒரு படி முன்னே நிற்கிறது.

பழங்குடிகள் என்றாலே எல்லாவற்றையும் மறுப்பவர்கள் என்று எண்ணுவது நகரத்து ஆர்வலர்களின் கற்பனை. வேலையையும் சாலையையும் மருத்துவத்தையும் அவர்கள் விரும்பக்கூடும். சுரங்கத்தை ஏற்கவும் கூடும். ஏற்பதும் அவர்களது உரிமைதான். ஆனால் மருத்துவமும் கல்வியும் அரசு தர வேண்டிய கடமைகள். அவற்றை அரசு தராமல் விட்ட வெற்றிடத்தில் நிறுவனம் நுழைந்து, கடமையை அன்பளிப்பாக மாற்றுகிறது. அன்பளிப்புக்கு நன்றிக்கடன் எதிர்பார்க்கப்படும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. எங்கே, எதற்கு என்று தீர்மானிப்பது நிறுவனத்தின் இயக்குநர் குழு. 2015இல் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, ஏலத்தில் பெற்ற குத்தகைதாரர்கள் அரசுரிமைத் தொகையின் 10 விழுக்காட்டுக்கு இணையான பணத்தையும், பழைய குத்தகைதாரர்கள் 30 விழுக்காட்டையும் செலுத்துகிறார்கள். அது மக்களின் பணம் என்று சட்டம் சொல்கிறது. மாவட்ட ஆட்சியரின் தலைமையில் அமைந்த குழு அதைச் செலவிடுகிறது. பயனாளிகளாகப் பட்டியலிடப்படும் மக்கள் அந்தக் குழுவில் பெரும்பான்மை இல்லை.

எழுத்தளவிலான அந்த முன்னேற்றமும் இப்போது அரிக்கப்படுகிறது. 1997ஆம் ஆண்டின் சமதா தீர்ப்பு, ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் தனியார் நிறுவனங்களுக்குச் சுரங்கக் குத்தகை தருவது செல்லாது என்றது. மாநிலக் கனிமக் கழகத்தின் பெயரில் குத்தகை எடுத்துத் தனியாருக்குத் தாது வழங்கும் ஏற்பாடு அதைச் சுற்றிச் செல்லும் வழியானது. நியாம்கிரியில் ஒடிசா சுரங்கக் கழகம் வகித்த பாத்திரமும் அதுவே. வனநிலத்தை மாற்றும் முன் கிராம சபையின் இசைவு வேண்டும் என்ற 2009ஆம் ஆண்டு ஏற்பாட்டை 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள் தலைகீழாக்கின. ஒன்றிய அரசு இறுதி அனுமதியை முதலில் வழங்கிவிடலாம். வன உரிமைகள் நிறைவேறியதா என்பதை மாநில அரசு பின்னர் பார்த்துக்கொள்ளும். தேசியப் பழங்குடியினர் ஆணையத்தின் அன்றைய தலைவர் ஹர்ஷ் சவுகான் இவ்விதிகளை நிறுத்திவைக்கக் கோரினார். பதவிக்காலம் முடியும் முன்பே 2023இல் அவர் விலகினார்.

ஏல முறை மற்றொரு திருப்பம். கனிமத் தொகுதி ஒன்றிய அல்லது மாநில அரசால் ஏலம் விடப்பட்டு, வென்ற நிறுவனத்தின் பெயர் அறிவிக்கப்பட்ட பிறகே நிலத்தில் வாழ்பவர்களுக்குச் செய்தி எட்டுகிறது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதி மக்கள் இதை நேரடியாக அனுபவித்தார்கள். அங்குள்ள டங்ஸ்டன் தொகுதிக்கு வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் 2024 நவம்பரில் தேர்வானது. ஊர் ஊராகத் திரண்ட மக்களின் போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்து, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசை ஏலத்தை இரத்து செய்யவைத்தன. அது அரசியல் வலிமையால் கிடைத்த வெற்றி. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே இல்லை என்பதால், அச்சட்டங்களின் துணை அம்மக்களுக்கு இருக்கவில்லை. அதே 2025இன் செப்டம்பரில், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களைப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கியது. டங்ஸ்டனும் முக்கியக் கனிமங்களின் பட்டியலில் உள்ளது.

நியாம்கிரி இருக்கும் அதே இரு மாவட்டங்களில் சிஜிமலி என்றொரு மலை உண்டு. 31 கோடி டன் பாக்சைட் இருப்பதாக மதிப்பிடப்பட்ட அத்தொகுதியை 2023இல் ஏலத்தில் வென்றது வேதாந்தா. அம்மலையின் காசிப்பூர் பகுதி மக்கள் சுரங்க எதிர்ப்புக்குப் புதியவர்கள் அல்லர். வேறொரு அலுமினா திட்டத்தை எதிர்த்த போராட்டத்தின்போது, 2000 டிசம்பர் 16 அன்று மைகஞ்ச் கிராமத்தில் காவல்துறை சுட்டதில் மூன்று பழங்குடிகள் இறந்தார்கள். 2023 ஆகஸ்டில் சிஜிமலிப் போராட்டக்காரர்கள் பலர் கைது செய்யப்பட்டார்கள். நியாம்கிரி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒன்பது பேர்மீது ஊபா சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்பட்டு, கண்டனங்களுக்குப் பின் அப்பிரிவு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் கிராம சபைகள் கூடிச் சுரங்கத்திற்கு இசைவு தந்ததாக ஆவணங்கள் காட்டுகின்றன. அப்படிச் சபை எதுவும் கூடவில்லை, கையெழுத்துகள் போலியானவை என்று ஊர்மக்கள் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் முறையிட்டுள்ளார்கள்.

பத்தாண்டுகளுக்கு முன் நியாம்கிரியில் கேட்கத் தயங்கிய கேள்வி, சிஜிமலியில் கேட்கப்பட்டுவிட்டதாகத் தாளில் பதிவாகியிருக்கிறது. மறுப்பை வெல்ல முடியாத இடத்தில் இசைவு தயாரிக்கப்படுகிறது என்பதே மக்களின் குற்றச்சாட்டு. இதை மெய்ப்பிப்பதும் மறுப்பதும் கடினமன்று. வன உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகள், கிராம சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேராவது கூடியிருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. சபை கூட வேண்டியது ஊராட்சி அலுவலகத்தில் அன்று; ஒவ்வொரு சிற்றூரிலும் தனித்தனியாக. தீர்மானப் பதிவேடு, வருகைப் பட்டியல், அறிவிப்பு வெளியான நாள் ஆகிய மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம். வருகைப் பட்டியலை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டால் இறந்தவர்களும் ஊரில் இல்லாதவர்களும் கையெழுத்திட்டார்களா என்பது தெரிந்துவிடும். அந்தப் பட்டியலில் ஊரின் தலித் குடும்பங்கள் எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.